மறுநாளும் வருகிற அக்கா

சித்திரை ஒன்று, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. புழுக்கத்தில் மூக்குக்கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது. கொட்டாரத்தில் எங்கள் தெருமுனையில் வாடகைக் காருக்காக நின்றேன். ஏழே காலுக்கு வருவதாகச் சொன்ன வண்டி. இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போட்டேனா என்று சந்தேகம் வந்து அட்டையை எடுத்து எண்ணினேன். ஆறு இருந்தது. ஆறு இருக்க வேண்டுமா, ஐந்து இருக்க வேண்டுமா என்பது நினைவில் இல்லை.

பக்கத்தில் அக்கா நின்றாள். உடன்பிறந்தவள் அல்ல, அடுத்த வீட்டுக்காரி. என்னைவிட மூன்று வயது மூப்பு. தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதற்கு முந்தைய ஐப்பசியில்தான் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வெயிலில் நிற்கக் கூடாது, பரபரப்பு ஆகாது என்று டாக்டர் அவளிடம் சொன்னதோடு என்னைத் தனியாக அழைத்தும் சொன்னார். அன்று அவள் புறப்பட்டது பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் போய் நிற்பதற்கு. ஒரு ஆள் வருகிறாரா என்று பார்ப்பதற்கு. எழுபத்து நான்கு வயதில் அதைவிடப் பரபரப்பான காரியம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

“தம்பி, ஒரு இடத்துல நில்லும். நீரு அங்கயும் இங்கயும் நடக்கியதப் பாத்து எனக்குத் தலை சுத்துது.”

“வண்டிய இன்னும் காணல்லியே அக்கா.”

“வராட்டா என்ன? நாளைக்கும் போகத்தானே போறோம்.”

அதுதான் அக்கா. குறித்த நாளில் ஒரு இடத்துக்குப் போவாள், மறுநாளும் போவாள். அவளைத் தெரிந்த எல்லோருக்கும் இந்தக் குணம் தெரியும். காரணம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

என் மகள் கல்யாணத்துக்கு மறுநாள் காலை பந்தல்காரர்கள் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு குறைந்தது, அந்தக் கவலை எனக்கு. அக்கா முந்தின நாள் கட்டிய அதே பட்டைக் கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு வந்து, அடுக்கி வைத்திருந்த நாற்காலியில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

என் மனைவி அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். “நேத்து மொய் எழுதினதுக்கு இண்ணைக்கு ரசீது வாங்க வந்திருக்காளாக்கும்.”

“களியாக்காத. காதுல விழப்போகுது.”

விழுந்துவிட்டது. அக்கா சிரித்தாள். “ரசீது வேண்டாம் பிள்ளே, காப்பி தா. நாள் மாறி இண்ணைக்கு வாறவங்க ஆராவது உண்டும்லா? அவங்க வரும்போ ஒரு ஆளு இருக்காண்டாமா?”

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். என்னோடு வங்கியில் வேலை பார்த்தவர், இனயத்துக்காரர். புது வேட்டி, கையில் ஒரு சுவர்க்கடிகாரப் பொட்டலம். கல்யாணம் சனிக்கிழமை என்று நினைத்திருந்தாராம். பாதி அவிழ்ந்த பந்தலைப் பார்த்ததும் அந்த மனிதர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா எழுந்து போய், “வாருங்க, வாருங்க, ஒங்களத்தான் பாத்துட்டு இருக்கேன்” என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து, இலை போட்டு, மீந்திருந்த பாயசத்தைச் சுடவைத்துப் பரிமாறினாள். அவர் போகும்போது முகம் தெளிந்திருந்தது. மனைவி அதற்குப் பிறகு ரசீதுப் பேச்சை எடுக்கவில்லை.

தேர்தலுக்கு மறுநாள் பள்ளிக்கூட வாசலுக்குப் போவாள். மை காயாத விரலோடு. காவலாளி ஒருமுறை என்னிடம் முறையிட்டார்: “சார், அந்த அம்மா நேத்து ஓட்டுப் போட்டாச்சு. இண்ணைக்கும் வந்து கேட்டப் புடிச்சிட்டு நிக்காவ. எனக்கு பயமா இருக்கு. கள்ள ஓட்டுக்கு வந்தாவன்னு எவனாவது சொன்னா?” பல் டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிய மறுநாளும் போய் உட்கார்ந்தாள். ரயிலுக்கு ஆளை வழியனுப்பினால் மறுநாள் அதே ரயிலுக்கும் நாகர்கோவில் போய் நின்றுவிட்டு வருவாள். கேட்டால் ஒரே பதில்: “ஒரு நாளுதான தம்பி. கூட ஒரு நாளு நின்னா என்ன கொறஞ்சு போகும்?”

என்ன குறையும் என்று நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். பஸ் கட்டணம், பாதி நாள், செருப்புத் தேய்மானம். வருஷத்துக்குக் கணிசமாகவே வரும்.

அவள் வீட்டுக் கூடத்தில் இரண்டு காலண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று நாகர்கோவில் நகைக்கடை கொடுத்த தமிழ் நாட்காட்டி. மற்றது திருவனந்தபுரத்தில் அச்சான மலையாளக் காலண்டர். வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்குவாள். இரண்டு பண்டிகையும் தெரிந்துகொள்ளத்தான் என்று நினைத்திருந்தேன்.

காரணம் தெரிந்தது ஒரு சினிமாவால். நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரைப்படக் கழகத்தார் பழைய ஊமைப்படம் ஒன்றைக் காட்டினார்கள். இலவசம் என்பதால் நான் மூன்று பாஸ் வாங்கினேன். மனைவி முழங்கால் வலி என்று வரவில்லை. அக்காவும் நானும் போனோம். வெளிநாட்டுப் படம். இடையிடையே திரையில் எழுத்து வரும். அதைத் தமிழில் படித்துச் சொல்ல ஒருவர் மைக் வைத்திருந்தார். பத்து நிமிடத்தில் மைக் கெட்டுவிட்டது. இசை போட்ட ஒலிபெருக்கியும் அதோடு போயிற்று. மின்விசிறிச் சத்தத்தில் படம் ஓடியது.

கதை எழுத்தில்லாமலே புரிந்தது. துறைமுகத்தில் வலை பின்னுகிற பெண். கப்பலில் கரி அள்ளுகிறவன். இருவரும் கப்பல் புறப்படுகிற நாளில் படித்துறையில் சந்திப்பதாகப் பேச்சு. அவள் வந்து நிற்கிறாள், நிற்கிறாள், தலைமுக்காடு காற்றில் அடிக்கிறது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பக்கப் படியில் ஏறிப் போகிறாள். அதே சமயம் அவன் மறுபக்கப் படியில் இறங்கி ஓடி வருகிறான்.

அக்கா எழுந்துவிட்டாள். “போவாத மக்கா! நாளைக்கும் நில்லு! அவன் வாறான், நாளைக்கும் நில்லு!”

சத்தமில்லாத படம், அவள் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவன், “அம்மா, அவளுக்குத் தமிழ் தெரியாதும்மா” என்றான். இன்னும் பலத்த சிரிப்பு. அக்கா உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த எனக்கு அவள் மூச்சு வாங்குவது கேட்டது. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்; வாங்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், சுசீந்திரம் தாண்டியதும் அவளாகவே சொன்னாள்.

அவர் தக்கலைப் பக்கத்துக்காரர். தாலுகா ஆபீசில் தற்காலிக வேலை பார்த்தவர். வளைகுடாவில் வேலை கிடைத்துவிட்டது. அக்கா வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், சாதி வேறு. போவதற்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆவணி பத்து, பத்மநாபபுரம் அரண்மனை வாசல், காலை ஒன்பது மணி. அங்கிருந்து பதிவு அலுவலகம்.

“ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு நல்ல நாளு எதுக்குன்னு நான் கேட்டேன் தம்பி. அம்மைக்கு ஒரு சமாதானத்துக்காக்கும், பஞ்சாங்கம் பாத்தாச்சுன்னு சொன்னாரு. நானும் சிரிச்சிட்டு விட்டுட்டேன்.”

எங்கள் மாவட்டம் முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. மேற்கே பல வீடுகளில் அப்போதெல்லாம் மலையாளப் பஞ்சாங்கம்தான். மாதப் பெயர் இங்கே எல்லோருக்கும் சித்திரை, ஆவணிதான். ஆனால் மாதம் பிறக்கிற கணக்கு வேறு. உச்சி சாய்ந்த பிறகு, அந்திக்குள், சூரியன் ராசி மாறினால் தமிழ்க் கணக்கில் அன்றே ஒன்றாம் தேதி. மலையாளக் கணக்கில் மறுநாள். சில மாதங்களில் இரண்டும் சேர்ந்து ஓடும், சில மாதங்களில் ஒரு நாள் தள்ளி ஓடும். கல்யாணம் பேசுகிறவர்கள், “யாரு பஞ்சாங்கம்?” என்று கேட்டுக்கொள்வார்கள். ஓடிப்போகிறவர்கள் கேட்பதில்லை.

அந்த ஆவணி ஒரு நாள் தள்ளி ஓடிய ஆவணி. அக்கா வீட்டில் தமிழ் நாட்காட்டி. அவள் தன் பத்தாம் தேதியில் போய், அரண்மனை மூடுகிறவரை நின்றுவிட்டு வந்தாள். சித்தப்பா ஒருவர் அங்கே அவளைப் பார்த்திருந்தார். அன்று இரவே வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். மறுநாள், அவருடைய பத்தாம் தேதியில், அவர் வந்து அதே இடத்தில் நின்றார். வரமாட்டாள் என்று முடிவு செய்து அடுத்த வாரம் விமானம் ஏறினார். நடந்தது இதுதான் என்று அவர் தங்கை வடசேரிச் சந்தையில் வைத்து அக்காவிடம் சொன்னபோது அவருக்கு இரண்டு குழந்தைகள்.

“வராம ஏமாத்தியிருந்தா என்னைக்கோ மறந்திருப்பேன்” என்றாள். “வந்தாரு. அதுதான் தம்பி. வந்தாரு, நான் நிக்கல்ல.”

மறுநாள் அக்கா அந்த மண்டபத்துக்கும் போனாள். யாருக்கோ வளைகாப்பு நடந்ததாம். சாப்பிட்டுவிட்டு, கண்ணாடி வளையலோடு வந்தாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பங்குனிக் கடைசியில் அந்தத் தங்கை போன் செய்திருந்தாள். அண்ணன் ஊருக்கு வந்திருக்கிறார், மனைவி தவறிவிட்டாள், உடம்பு சரியில்லை, மகனோடு வெளிநாட்டிலேயே இருக்கப் போகிறார். ‘சித்திரை ஒண்ணாந்தேதி அரண்மனை வாசலுக்கு வருவேன்னு சொல்லு’ என்றாராம்.

நான் காலண்டர்களைப் பார்த்தேன். தமிழ்க் கணக்கில் சித்திரை ஒன்று வெள்ளி. மலையாளக் கணக்கில் ஒன்றாம் தேதி, அவர்களுடைய விஷு பண்டிகை, சனி.

“அக்கா, போன் பண்ணி இங்கிலீஷ் தேதி கேளும். இல்ல, நம்பரத் தாரும், நான் கேக்கேன்.”

“கேக்கப்பிடாது.”

“இதென்ன பிடிவாதம்? திரும்பவும் அதே கோளாறா?”

“கேட்டா சொல்லிருவாருல்லா. கேக்காம, எந்த நாளு வாறாருன்னு பாக்கணும். இத்தன வருசத்துல என் நாளு எதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கா இல்லியா? அது எனக்குத் தெரியணும்.”

ஆகவே இரண்டு நாளும் போவது என்று முடிவாயிற்று. கார் ஏழு மணி இருபத்தெட்டு நிமிடத்துக்கு வந்தது.

ஒன்பது மணிக்கு முன்பே அரண்மனை எதிரில் இருந்தோம். அக்கா இறங்கி மதில் ஓரத்தில் நின்றாள். நான் காருக்குள். ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். விஷயத்தை அரைகுறையாகப் புரிந்துகொண்டு உற்சாகமாகிவிட்டான். உல்லாசப் பயணிகள் இறங்கும்போதெல்லாம், “பாட்டா, அந்த வழுக்கையா? தொப்பி போட்டவரா?” என்று கேட்டான். வாயை மூடச் சொன்னேன். அரண்மனை மணிக்கூண்டு பத்து அடித்தது, பதினொன்று அடித்தது. புழுக்கம் ஏறியது. பன்னிரண்டு அடித்தபோது அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வராமல் போனால் அவளுக்கு என்ன ஆகும், வந்தால் என்ன ஆகும், இரண்டில் எது அந்த ஸ்டென்டுக்கு ஆபத்து என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

பன்னிரண்டரைக்கு ஒரு ஆட்டோ வந்தது. மெலிந்த கிழவர் ஒருவர், கைத்தடியை முதலில் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, இறங்கினார்.

“பாட்டா…” என்றான் ஓட்டுநர். பிறகு அவனாகவே வாயை மூடிக்கொண்டான்.

கண்ணாடி ஏற்றியிருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் நாலடி தள்ளி நின்றார். அக்கா அசையவில்லை. அவர் ஏதோ கேட்டார். அவள் காலடியைச் சுட்டிக்காட்டினாள்: இங்கேதான். அவர் தலையாட்டி, ஒரு விரலைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார்: ஒரு நாள் தள்ளி, நான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்தத் தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. இடையில் எழுத்துக் காட்டவும் யாரும் இல்லை. பிறகு இருவரும் மதிலில் சாய்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோக்காரன் இரண்டு முறை ஹார்ன் அடித்த பிறகு அவர் போனார். ஆட்டோ திரும்பி மறைகிறவரை அக்கா நின்றாள்.

காரில் ஏறி, “தெரிஞ்சிருக்கு” என்றாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் ஓட்டுநரிடம், “நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துரு மக்கா” என்றாள்.

“எதுக்கு அக்கா?” என்று நான் கத்தியே விட்டேன். “அதான் வந்துட்டாரே! பாத்தாச்சே!”

“நீரு வராண்டாம். நான் போவேன்.”

தனியாக எப்படி விடுவது? சனிக்கிழமையும் போனேன். முந்தின நாளின் மேகம் எல்லாம் கலைந்து, காலையிலேயே வெயில் கொளுத்தியது. அக்கா கையில் ஒரு கொத்துக் கொன்றைப்பூ வைத்திருந்தாள். அதே இடத்தில் நின்றாள். பத்து அடித்தது, பன்னிரண்டு அடித்தது, இரண்டு அடித்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. காருக்குள் வரச் சொன்னால் வரவில்லை. நுங்கு வாங்கிக் கொடுத்தேன். ஒன்று மட்டும் தின்றாள். யாருக்காக நிற்கிறாள் என்று கேட்டால், “பைய சொல்லுதேன்” என்றாள். ஒவ்வொரு ஆட்டோவுக்கும் நான்தான் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன்.

மூன்று மணிக்கு அவள் உதடு வெளுத்தது. கை மதிலைத் தேடிப் பிடித்தது. நான் சோடாவோடு ஓடினேன். ஓட்டுநர் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, போதும். தக்கலையில ஆஸ்பத்திரி இருக்கு. ஏறும்.”

“மூடட்டும் தம்பி. அன்னைக்கு மூடுறவரைக்கும் நின்னாராம்.”

“ஆரு வரப்போறா இங்க? சொல்லும்! ஆரு வரப்போறா?”

“ஆரும் வரமாட்டாவ. அவரு நேத்து ராத்திரியே பிளேன் ஏறியாச்சு.”

சோடாவை அவளே என் கையிலிருந்து வாங்கி இரண்டு மடக்குக் குடித்தாள்.

“நேத்து என் நாளு. என் நாளப் பாத்து வந்தாரு. இண்ணைக்கு அவரு நாளு. அன்னைக்கு இந்த இடத்துல ஒத்தைக்கு நின்னாருல்லா? நான் நிக்காத நாளு அது ஒண்ணுதான்.”

அதற்கு மேல் நான் அவளைக் கூப்பிடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஓட்டுநரும் வந்து மறுபக்கம் நின்றுகொண்டான். அவள் நாடியை நான் பிடித்திருந்தேன். ஓடும், ஒரு துடிப்பு விட்டுவிடும், மறுபடி ஓடும். கடைசிப் பயணிகள் வெளியே வந்தார்கள். காவலாளி பெரிய கதவைச் சாத்தினார். அக்கா கொன்றைப்பூவை மதில்மேல் வைத்துவிட்டு, “செரி, போலாம்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அக்கா எங்கும் மறுநாள் போகவில்லை. என் பேரனுக்குப் பெயரிட்ட அன்று வந்து சாப்பிட்டுப் போனாள். மறுநாள் காலை என் மனைவி கூட நாலு இட்லி அவித்து வைத்திருந்தாள். பத்து மணி வரை பார்த்துவிட்டு, “ஏன் வரல்ல? நம்மகிட்ட ஏதும் கோவமா?” என்றாள். இட்லியை நான் தின்றேன். போன மாசியில், தூக்கத்திலேயே, அக்கா போய்விட்டாள். கூடத்தில் தமிழ் நாட்காட்டி மட்டும் தொங்கியது.

அந்தச் சனிக்கிழமை இரவு, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கார் வாடகை கொடுக்க எங்கள் தெருமுனையில் அக்கா பர்ஸைத் திறந்தாள். நான் தடுத்து, என் சட்டைப் பையில் கைவிட்டேன்.

“நீரா குடுக்கியரு?” என்றாள். “அப்பம் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப விடச் சொல்லும். ஒமக்குத்தான் ஒடம்பு சுகமில்ல.”

ஓட்டுநர் தலையைச் சொறிந்தான். “வெயிட்டிங்தான் பாட்டா எப்படிப் போடன்னு தெரியல்ல. வராத ஆளுக்கு எத்தன மணிக்கூருன்னு கணக்கு?”

“நின்ன ஆளுக்குப் போடு” என்றேன்.

போட்டான். வாடகை, காத்திருப்பு, நுங்கு, சோடா, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.